1850-க்கு முன் வாழ்ந்த அமெரிக்க முன்னோரைத் தேடுவது எப்படி?

என் கணவரின் அம்மா போன வருடம் ஒரு பழைய பைபிளை என் கையில் கொடுத்தார். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே பிறப்பு, திருமணம், இறப்பு என்று கையால் எழுதிய பட்டியல். அதில் முதலில் இருப்பவர் மாசசூசெட்ஸில் பீப்பாய் செய்து பிழைத்தவர், விடுதலைப் போரில் சண்டை போட்டவர் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பா அம்மா யார் என்று யாருக்கும் தெரியாது. என் மகளுக்கு அந்தப் பக்கத்து வேரும் தெரியட்டும் என்று தேட ஆரம்பித்தேன். எட்டு மாதம் பிடித்தது. அதில் ஐந்து மாதம் ஒரே ஒரு தேதியில் சிக்கிக் கிடந்தேன்.

முதலில் பைபிள்

பட்டியலைப் படிப்பதற்கு முன் பைபிள் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1816-இல் அச்சான புத்தகத்தில் 1770-இல் பிறந்த குழந்தையின் பெயர் இருந்தால், அதை யாரோ பின்னாளில் நினைவிலிருந்தோ வேறு தாளைப் பார்த்தோ எழுதியிருக்கிறார்கள். எல்லா வரியும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தாலும் அப்படித்தான். தூக்கிப் போட வேண்டாம், வேறு சான்றோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

உங்களுக்குத் தெரிந்த தலைமுறையிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். 1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 தீ விபத்தில் நாசமாகிவிட்டது. அந்த இடைவெளியைத் தாண்டி 1850 வரை போய்விடலாம். அடிமைகளாக இல்லாத எல்லோரையும் பெயரோடு எழுதத் தொடங்கியது 1850-இல்தான். 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. அந்த எண்களை பைபிள் பட்டியலோடு பொருத்திப் பார்த்தால் சரியான வீடுதானா என்று ஓரளவு தெரியும்.

ஊர்ப் பதிவேடு

உங்கள் முன்னோர் நியூ இங்கிலாந்துக்காரர் (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதி) என்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள். அங்கே ஒவ்வொரு ஊரிலும் எழுத்தர் பிறப்பு, திருமணங்களைப் பதிந்து வந்தார். மாசசூசெட்ஸின் பல ஊர்களுக்கு 1850 வரையிலான பதிவுகள் அச்சுப் புத்தகமாகவே கிடைக்கின்றன. வர்ஜீனியா போன்ற தென்பகுதிகளில் இந்த வசதி குறைவு. அங்கே தேவாலயப் பதிவு, நிலப் பத்திரம், வரிப் பட்டியல், உயில் ஆகியவைதான் கைகொடுக்கும்.

மாவட்ட எல்லைகள் மாறியிருக்கும், கவனம். ஸ்பிரிங்ஃபீல்ட் 1812 வரை ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் இருந்தது, பிறகுதான் ஹாம்ப்டன் மாவட்டம் பிரிந்தது. மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதி. இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடினால் தவறான மாவட்டத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

என்னை நிறுத்திய தேதி

பீப்பாய்த் தாத்தாவின் பெயரில் ஒரு குழந்தை ஊர்ப் பதிவேட்டில் இருந்தது: பிறப்பு பிப்ரவரி 1741. பெற்றோரின் திருமணம் ஏப்ரல் 1741. கல்யாணத்துக்கு முன்பே குழந்தையா? இவர்கள் வேறு யாரோ என்று ஒதுக்கிவிட்டு, பக்கத்து ஊர்களிலெல்லாம் அதே பெயரைத் தேடினேன்.

தப்பு என் கணக்கில்தான். 1752-க்கு முன்பு இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் சட்டப்படி வருடம் பிறப்பது மார்ச் 25-இல். டிசம்பர் 1741-க்கு அடுத்து வருவது ஜனவரி 1741, அப்புறம் பிப்ரவரி 1741. நம் பஞ்சாங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் பிறக்கும் வருடத்தில் தையும் மாசியும் ஆவணிக்குப் பிறகுதானே வருகின்றன? அதே போலத்தான். ஏப்ரலில் கல்யாணம், பத்து மாதம் கழித்துப் பிப்ரவரியில் குழந்தை. இன்றைய கணக்கில் அது 1742.

சில எழுத்தர்கள் குழப்பம் வரக் கூடாது என்று 1741/42 என்று இரண்டையும் எழுதுவார்கள், எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாளை செப்டம்பர் 14 என்று மாற்றியதால் நாளும் தள்ளிப்போகும். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, நாம் இன்று சொல்வது 1732 பிப்ரவரி 22. உங்கள் குறிப்பில் பதிவேட்டில் உள்ளதை அப்படியே எழுதுங்கள், மாற்றிய தேதியைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள். மாற்றியதை மட்டும் எழுதிவைத்தால் பிறகு ஒருமுறை நீங்களே மறுபடியும் மாற்றிவிடுவீர்கள்.

ஓய்வூதியக் கோப்பு

1742 என்பதை உறுதிசெய்தது இதுதான். வறுமையில் இருந்த போர்வீரர்களுக்கு 1818-இல் ஓய்வூதியச் சட்டம் வந்தது. விண்ணப்பங்கள் குவிந்ததால், சொத்துப் பட்டியலை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து தர வேண்டும் என்று 1820-இல் விதித்தார்கள். எங்கள் தாத்தா அந்த ஆகஸ்டில் போய் நின்றிருக்கிறார். வயது 78 என்று சொல்லியிருக்கிறார். உடுதுணியும் படுக்கையும் நீங்கலாக அவரிடம் இருந்தவை: ஒரு பசு, ஒரு இரும்புப் பானை, மூன்று பழைய நாற்காலிகள், பீப்பாய் செய்யும் கருவிகள். கை நடுங்குவதால் இனித் தொழில் செய்ய முடியவில்லை என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கோப்பு எண்ணுக்கு முன்னால் எஸ் இருந்தால் வீரரே வாங்கியது, டபிள்யூ என்றால் விதவை, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்டது. ஆர் கோப்பை விடாதீர்கள். மறுக்கப்பட்டவர்கள் சாட்சிக்கு மேல் சாட்சி சேர்த்திருப்பார்கள். திருமணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பிய விதவைகளும் உண்டு.

உறவுச் சொற்கள்

ஜூனியர் என்றால் மகன் என்று முடிவுகட்டாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். மூத்தவர் இறந்ததும் அவரே சீனியர் ஆகிவிடலாம். பிரதர் என்பது மைத்துனராகவும் இருக்கலாம், மதர் என்பது மாமியாராகவோ சிற்றன்னையாகவோ இருக்கலாம். கல்லறையில் ரெலிக்ட் என்றிருந்தால் அவர் விதவை, கான்சார்ட் என்றிருந்தால் பெரும்பாலும் கணவருக்கு முன்பே இறந்த மனைவி.

எதில் தேடுவது?

ஃபேமிலி சர்ச் என்ற இணையதளத்தில் தொடங்குங்கள், இலவசம். அதிலுள்ள முழு உரைத் தேடல் கையெழுத்துப் பத்திரங்களுக்குள்ளேயே பெயரைத் தேடித் தருகிறது. ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்துக்கு உடனே பணம் கட்டாதீர்கள், அமெரிக்காவில் பல பொது நூலகங்களில் உட்கார்ந்து சும்மாவே பார்க்கலாம். எதிலும் மற்றவர்கள் போட்ட குடும்ப மரத்தை அப்படியே நகலெடுக்க வேண்டாம். மூலப் பதிவின் படத்தைக் கண்ணால் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

சேர்க்கை: குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தைத் தேடும் ஒருவர் எழுதியிருந்தார். அவர்கள் மாதப் பெயர் எழுத மாட்டார்கள், எண்தான். 1752-க்கு முன் முதல் மாதம் என்றால் மார்ச், பதினோராம் மாதம் என்றால் ஜனவரி.

இன்னொரு சேர்க்கை: கணவரின் முன்னோர் அடிமைகளாக இருந்தவர்கள், 1870-க்கு முந்தைய காலத்துக்குப் போக முடியவில்லை என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அவர்களில் பெரும்பாலோரைக் கணக்கெடுப்பு முதன்முதலில் பெயரோடு எழுதியது அந்த ஆண்டுதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் என்ற அளவில்தான் இருக்கும். விடுதலையான அடிமைகளுக்கு உதவ 1865-இல் தொடங்கிய ஃபிரீட்மென்ஸ் பியூரோ என்ற அரசு அமைப்பின் ஆவணங்களையும் ஃபிரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவுகளையும் பாருங்கள். வங்கிப் பதிவில் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்கள் இருக்கக்கூடும். பழைய உடைமையாளரின் பெயர் கிடைத்தால் அவருடைய உயிலையும் சொத்துப் பட்டியலையும் தேடுங்கள், மனிதர்களின் பெயர்களை மாடுகளுக்கும் மரச்சாமான்களுக்கும் நடுவே எழுதியிருப்பார்கள்.