கடலோரப் பழைய மாளிகையில் இரவு உணவா? முதலில் திசையைக் கேளுங்கள்

கடற்கரைப் பழைய மாளிகை உணவகத்தில் இருவருக்கு மேசை முன்பதிவு செய்யும்போது, 'கடல் தெரியுமா?' என்று கேட்டால் மட்டும் போதாது. ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்றும் கேளுங்கள். மேற்கு என்றால் சூரியன் மறைய முக்கால் மணி நேரம் முன்பே போய் அமருங்கள். மறைந்த பிறகும் வானத்தில் நிறம் கொஞ்ச நேரம் நிற்கும். அவசரப்பட்டு எழ வேண்டாம்.

கிழக்குக் கடலா? அப்படியென்றால் பௌர்ணமியன்று போங்கள். சூரியன் மறையும் நேரத்தையொட்டி நிலா கடலிலிருந்தே எழும். என்னைக் கேட்டால் இதுதான் இன்னும் அழகு.

பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இருக்காது, படிகளும் செங்குத்தாக இருக்கும். மூட்டு வலி இருந்தால் தரைத்தளத்திலேயே இடம் கேட்டு வாங்குங்கள். மாடி வராந்தாவில் காற்று பலமாக வீசும். ஒரு சால்வை கையோடு இருக்கட்டும்.