ரன், செட் ரெண்டையும் குழம்பாம புரிஞ்சுக்கிறது எப்படி

சிங்கப்பூருக்கு புதுசா வேலைக்கு வர்ற தம்பிங்க ஞாயித்துக்கிழமை தேக்கால (லிட்டில் இந்தியா பக்கம்) பாக்குறப்ப என்கிட்ட அதிகமா கேக்குறது ரன் (run), செட் (set)ங்கிற இந்த ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையத்தான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோட 1989 பதிப்புல செட்டுக்கு 430 அர்த்தம் போட்டிருந்தாங்க, அப்புறம் திருத்தி எழுதுனப்ப ரன் அதையும் தாண்டி 645-க்கு போயிருச்சு. அதனால மனப்பாடம் பண்ணாதீங்க, முடியாது. எதைப் பத்தி பேசுறாங்கன்னு முதல்ல பாருங்க.

ரன்னுக்கு நம்ம 'ஓடு' பாதி தூரம் கூட வரும். பஸ் ஓடுது, மோட்டார் ஓடுது, கடை நல்லா ஓடுது, எல்லாத்துக்கும் ரன்தான். அதுக்கு மேல, எது வழிஞ்சாலும் ரன்: மூக்கு ஒழுகுனாலும் ரன், துணில சாயம் இறங்குனாலும் ரன். கிளினிக்ல மட்டும் கவனமா இருங்க. டாக்டர் 'தி ரன்ஸ்' இருக்கான்னு கேட்டா வயித்துப்போக்கு இருக்கான்னு அர்த்தம், என் ரூம்ல இருந்த ஒரு பையன் புரியாம இல்லைன்னு தலையாட்டிட்டு வந்து ரெண்டு நாள் சுருண்டு படுத்துட்டான், பாவம். 'ரன்ஸ் இன் தி ஃபேமிலி'ன்னா சக்கரை மாதிரி பரம்பரையா வர்றது.

செட் அப்படியில்ல, அது ஒரு இடத்துல நிலைச்சு நிக்கிற சமாச்சாரம். காப்பிக்கடைல செட்டுன்னா காயா டோஸ்ட் (தேங்காப்பால், முட்டை ஜாம் தடவுன ரொட்டி), அரைவேக்காட்டு முட்டை ரெண்டு, கோப்பி எல்லாம் சேர்ந்தது, அது சுலபம். கட்டட வேலை நடக்குற சைட்லதான் ஆபத்து. கான்கிரீட் 'நாட் செட் யெட்'டுன்னா இன்னும் இறுகல, கால் வைக்காதன்னு அர்த்தம். செட் ஆயிருச்சுன்னாலும் முழு பலம் வந்துருச்சுன்னு நினைச்சுராதீங்க தம்பி, சிமெண்ட் தண்ணியோட சேர்ந்து கெட்டியாக ஆரம்பிச்சிருக்கு அவ்வளவுதான், பலத்தை வழக்கமா 28 நாள் கழிச்சுதான் சோதிச்சுப் பாப்பாங்க, அதுவரைக்கும் சூப்பர்வைசர் சொல்லாம மேல பாரம் ஏத்தாதீங்க, ஃபார்ம்வொர்க்கையும் (கான்கிரீட்டைத் தாங்கி நிக்கிற பலகை அச்சு) கழட்டாதீங்க.

அடுத்து, பின்னாடி ஒட்டிட்டு வர்ற குட்டி வார்த்தையை விட்றாதீங்க, அது அர்த்தத்தையே புரட்டிப் போட்டுரும். 'ரன் அவுட்'டுன்னா தீர்ந்துபோச்சு. 'ரன் இன்டூ'ன்னா எதிர்பாராம ஒருத்தரப் பாத்தது, வண்டி விஷயத்துலன்னா போய் மோதுனது. 'செட் தி அலாரம்'னா காலைல எந்திரிக்க அலாரம் வைக்கிறது, ஆனா 'செட் ஆஃப் தி அலாரம்'னா அதை அடிக்கவே வச்சுர்றது. டார்மிட்டரில சமைக்கிறப்ப யாராவது 'டோண்ட் செட் ஆஃப் தி அலாரம்'னா போனை எடுக்காதீங்க, புகை அலாரம் அடிக்காம அடுப்பைக் குறைங்க.