முன்னாள் படைவீரர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம்: எதை, எப்போது, எப்படிச் செய்வது

ராணுவ ஓய்வூதியம் வாங்கிவந்தவர் இறந்தால், மறுநாளிலிருந்தே மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இது யாரும் பார்த்துக் கொடுக்கும் உதவி அல்ல, உரிமை. அப்படியிருந்தும் பல வீடுகளில் மாதக்கணக்கில் பணம் வந்து சேருவதில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (படையிலிருந்து விடுபடும்போது தரும் பணிப் புத்தகம்) ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) இன்னொரு பெயர். அவர் இருக்கும்போது இதைத் திருத்த அவரே கையெழுத்துப் போடலாம். அவர் போனபின் அதே திருத்தத்துக்கு அவர் மனைவி அலைய வேண்டியிருக்கும். அதனால் முதலில், ஓய்வூதியர் நலமாக இருக்கும் வீடுகளில் செய்ய வேண்டியது.

இன்றே திறந்து பார்க்க வேண்டிய தாள்

பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் ஓய்வூதியரின் கணக்கில் நுழைந்து, பி.பி.ஓ.வின் மின்வடிவமான இ-பி.பி.ஓ.வைப் பதிவிறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பர்ஷ் தரும் பி.பி.ஓ. எண் பழைய எண்ணிலிருந்து வேறுபடும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிவையுங்கள். பழைய முறையிலிருந்து மாற்றப்பட்ட ஓய்வூதியர்கள் தங்கள் விவரங்களைத் தளத்தில் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். பலர் அதைப் படிக்காமலே 'சரி' என்று அழுத்திவிட்டிருக்கிறார்கள். பிழைகள் அங்கேதான் தங்கிப்போயின.

அச்செடுத்த தாளில் மனைவியின் பெயர், பிறந்த தேதி, திருமண நாள், ஆதார் எண், பான் எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்குச் சிக்கல் வருவது இனிஷியலில். கல்யாணமான புதிதில் ரெக்கார்ட் ஆபீசுக்குப் (வீரரின் படைப்பிரிவு ஆவண அலுவலகம்) போன பார்ட் டூ ஆர்டரில் (திருமணம் போன்ற விவரங்களைப் பதியும் படை ஆணை) வெறும் 'செல்வி' என்று இருக்கும். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியலோடு 'க. செல்வி'. ஆதாரில் கணவர் இனிஷியலோடு 'மு. செல்வி'. வங்கியில் 'செல்வி முருகன்'. நமக்கு நாலும் ஒரே ஆள்தான் என்பது பார்த்த உடனே புரியும். பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவருக்கு அவை நாலு பெயர்கள். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல்: 'லட்சுமி' ஒன்றையே நாலைந்து விதமாக எழுதுவார்கள். பிறந்த தேதியும் இப்படித்தான். அந்தக் காலத்தில் வயதை மட்டும் சொல்லிப் பதிவு செய்தவர்களுக்கு, புத்தகத்தில் உள்ள தேதியும் ஆதாரில் உள்ள தேதியும் பொருந்துவது அபூர்வம்.

திருத்தத்துக்கு இரண்டு வழிகள். படை ஆவணம் சரியாக இருந்து ஆதார் மட்டும் தவறாக இருந்தால், ஆதாரை மாற்றுவதே எளிது. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். சான்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். படை ஆவணமே தவறு என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீசுக்கு விண்ணப்பம் போக வேண்டும். அதனுடன் டிஸ்சார்ஜ் புத்தக நகல், பி.பி.ஓ. நகல், ஆதார், பள்ளிச் சான்று இருந்தால் அது, இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், 'இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்ற உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். எந்தப் படிவத்தில், யார் முன் கையெழுத்திட வேண்டும் என்பதை அலுவலகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரெக்கார்ட் ஆபீஸ் ஏற்றுக்கொண்டால் பார்ட் டூ ஆர்டர் வெளியாகி, பி.பி.ஓ. திருத்தப்படும். இதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால்தான் இன்றே தொடங்கச் சொல்கிறோம்.

ரெக்கார்ட் ஆபீஸ் எது என்று தெரியாத குடும்பங்களும் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக், ஈ.எம்.ஈ. (மின்னணு, இயந்திரப் பொறியாளர் படை) செகந்திராபாத், டி.எஸ்.சி. (பாதுகாப்புக் காவல் படை) கண்ணூர். படை எண்ணையும் ரெஜிமெண்டையும் வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைப்பது நல்லது.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் மனைவியை ஊர்ப் பஞ்சாயத்தில் 'தீர்த்துவிட்டு' மறுமணம் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாத அந்தப் பிரிவைப் படை ஆவணம் ஏற்காது. அவரோடு இருபது வருடம் வாழ்ந்த இரண்டாவது மனைவி, அவர் இறந்தபின் வெறுங்கையோடு நிற்க நேரும். இந்த நிலையில் இருப்பவர்கள் உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

நிரந்தர மாற்றுத்திறன் உள்ள பிள்ளை இருந்தால், அவர் பெயரையும் பெற்றோர் இருக்கும்போதே பி.பி.ஓ.வில் சேர்த்துவிடுங்கள். பெற்றோருக்குப் பின் அவருக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. திருமணம் ஆனாலும் அது நிற்காது.

எவ்வளவு வரும்

சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கடைசியாக வாங்கிய கணக்கிடத்தக்க ஊதியத்தில் 30 சதவீதம். எப்படியும் மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாது. அதற்கு மேல் அகவிலைப்படி தனி. ஓய்வுபெற்றபின் இறந்தவர்களுக்கு, தொடக்கத்தில் சில ஆண்டுகள் கூடுதல் விகிதமாக 50 சதவீதம் தருவார்கள். அது இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள், அல்லது அவர் உயிரோடிருந்தால் 67 வயதை எட்டியிருக்கும் நாள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை.

ஒரு ஹவில்தாரின் கடைசி அடிப்படை ஊதியம் 40,000, படைப்பணி ஊதியம் 5,200 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 45,200. கூடுதல் விகிதத்தில் 22,600, சாதாரண விகிதத்தில் 13,560. அவர் 55 வயதில் இறந்தால் மனைவிக்கு முழு 7 ஆண்டுகளும் 22,600 வரும். 63 வயதில் இறந்தால் 4 ஆண்டுகள்தான். 70 வயதில் இறந்தால் முதல் நாளிலிருந்தே 13,560. ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தின்படி விகிதங்கள் திருத்தப்பட்டிருப்பதால் உங்கள் தொகை மாறலாம். இ-பி.பி.ஓ.வில் இரண்டு விகிதங்களும் அச்சாகியிருக்கும், அதையே நம்புங்கள். கூடுதல் விகிதம் முடிந்து தொகை குறையும் மாதத்தில் 'பென்ஷனை வெட்டிவிட்டார்கள்' என்று பதறுகிறவர்கள் பலர். அந்தத் தேதியை முன்பே குறித்துவையுங்கள்.

படைப்பணியால் நேர்ந்த மரணம் என்று ஏற்கப்பட்டால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். போரிலோ அதற்கு நிகரான நடவடிக்கையிலோ உயிரிழந்தால் கடைசி ஊதியம் முழுவதுமே கிடைக்கும். ஊனமுற்றோர் ஓய்வூதியம் வாங்கிவந்தவர் அதே நோயால் அல்லது காயத்தால் இறந்திருந்தால், சிறப்பு விகிதத்துக்கும் கேட்டுப் பாருங்கள். இறப்புக்கான காரணத்தை எழுதிய மருத்துவமனைத் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள்.

அடிக்கடி வரும் மூன்று பயங்களுக்கு இடமில்லை. ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைத் தொகுத்து முன்பணமாக வாங்கியிருந்தால், அந்தப் பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்தில் தொடராது. மனைவி வேலையில் இருந்தாலும், சொந்த ஓய்வூதியம் வாங்கினாலும் அவருக்கு இது நிற்காது. கணவர் ராணுவத்துக்குப் பின் வேறு அரசுப் பணி பார்த்து இரண்டு ஓய்வூதியம் வாங்கியிருந்தால், 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டுக்குமே குடும்ப ஓய்வூதியம் பெறலாம்.

80 வயது நிரம்பினால் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100-ல் 100 சதவீதம் என்று கூடுதல் உண்டு. இங்கே பார்ப்பது மனைவியின் வயதை. அவர் பிறந்த தேதி பதிவாகவில்லை என்றால் கணினி தானாகக் கூட்டித் தராது.

இறந்தபின் முதல் வாரங்கள்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். தாமதமானால் கட்டணம், அனுமதி என்று போய், ஓராண்டு கடந்தால் நடுவர் ஆணை வரை இழுக்கும். பதிவாளரிடம் விவரம் தரும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கையில் எடுத்துப் போங்கள். அதிலுள்ள பெயரே இறப்புச் சான்றிலும் வர வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்த அலைவது, துக்கத்தில் இருப்பவர்களுக்குத் தேவையில்லாத பாரம்.

ஓய்வூதியம் இறந்த நாள்வரைக்கும்தான். அதற்குப் பிறகும் கணக்கில் விழுந்த தொகையை ஏ.டி.எம்.மில் எடுக்காதீர்கள், பின்னால் பிடித்துக்கொள்வார்கள். ஸ்பர்ஷ் தளத்திலோ சேவை மையத்திலோ இறப்பை உடனே தெரிவியுங்கள். கணவன் மனைவி பெயரில் கூட்டுக் கணக்கு இருந்தால், குடும்ப ஓய்வூதியம் அதிலேயே வரலாம். புதுக் கணக்கு தொடங்கித்தான் ஆக வேண்டும் என்று வங்கியில் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

விண்ணப்பம்

பி.பி.ஓ.வில் மனைவி பெயர் இருந்தால் தேவைப்படுவது குறைவு: இறப்புச் சான்று, மனைவியின் ஆதார், பான், கணவரின் பி.பி.ஓ., வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை, புகைப்படம், கைபேசி எண். வாரிசுச் சான்று இந்த நிலையில் அவசியம் இல்லை. அதற்காகக் காத்திருந்து விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகள் உரிமை கோரும்போதும், நிலுவைத் தொகைக்கு நாமினி பதிவாகாதபோதும்தான் அது வேண்டியிருக்கும்.

இணையத்தில் தாமே செய்ய முடியாதவர்கள் பொதுச் சேவை மையம், ஸ்பர்ஷ் சேவை மையமாக அறிவிக்கப்பட்ட வங்கிக் கிளை, பாதுகாப்புத்துறை ஓய்வூதிய வழங்கல் அலுவலகம் ஆகியவற்றுக்குப் போகலாம். தமிழக அரசின் இ-சேவை மையமும் மத்திய அரசின் பொதுச் சேவை மையமும் வேறு வேறு. போகும் முன் விசாரித்துவிடுங்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவது சின்னச் சின்ன விஷயங்களால். ஆதாரின் பின்பக்கத்தை விட்டுவிடுவார்கள். நகல் மங்கலாக இருக்கும். பழைய வங்கிப் புத்தகத்தில் உள்ள ஐ.எஃப்.எஸ்.சி. எண் செல்லாமல் போயிருக்கும். சிண்டிகேட், அலகாபாத், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் 2020 ஏப்ரலில் வேறு வங்கிகளோடு இணைந்துவிட்டன. அந்தக் கணக்கு வைத்திருப்பவர்கள் புதுப் புத்தகம் வாங்கியபின் விண்ணப்பியுங்கள். எல்லாவற்றையும்விடக் கெடுதல், மைய ஊழியர் தன் கைபேசி எண்ணைப் போட்டுவிடுவது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்கே போகும். அம்மாவின் எண், அல்லது கூடவே இருக்கும் பிள்ளையின் எண், அது மட்டும்தான் அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும். விண்ணப்ப எண்ணுடன் ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

பி.பி.ஓ.வில் மனைவி பெயரே இல்லை என்றால் விண்ணப்பம் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவே நகரும். அப்போது முதல் படி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.

மனைவியும் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு வரும்: 25 வயது, திருமணம், சொந்த வருமானம், இவற்றில் எது முதலோ அதுவரை. 25 வயதைக் கடந்த திருமணமாகாத, கணவரை இழந்த, விவாகரத்தான மகள்களுக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு உரிமை உண்டு. கைம்மை பெற்றோர் காலத்திலேயே நேர்ந்திருக்க வேண்டும். விவாகரத்துக்கு, வழக்காவது பெற்றோர் காலத்தில் தாக்கலாகியிருக்க வேண்டும்.

கூடவே முடிக்க வேண்டியவை

இ.சி.ஹெச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையில் கணவர் முதன்மைப் பயனாளியாக இருந்திருப்பார். மனைவி முதன்மைப் பயனாளியாக மாற விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவமனை வாசலில்தான் சிக்கல் தெரியவரும். ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியின் நீட்டிப்புக் காப்பீட்டுச் சான்று பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். காலம் முடியாமல் இருந்தால் தொகை உண்டு. ஓய்வூதியக் கணக்கு படைவீரர்களுக்கான சிறப்புக் கணக்காக இருந்து, மரணம் விபத்தால் நேர்ந்திருந்தால், காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கெடுவை வங்கிக் கிளையில் உடனே கேளுங்கள். கேன்டீன் கார்டையும் கணவரை இழந்தோருக்கான அடையாள அட்டையையும் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும் அதே நாளில் பேசி முடிக்கலாம்.

அடுத்த ஆண்டிலிருந்து மனைவிதான் வாழ்நாள் சான்று தர வேண்டும். ஜீவன் பிரமாணில் (மின்வழி வாழ்நாள் சான்று) பதியும்போது, ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் 'ஸ்பர்ஷ் - பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்தால் சான்று ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது, ஓய்வூதியம் நின்றுவிடும். 'சான்று முடிந்துவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று வரும் தொலைபேசி அழைப்புகள் மோசடி.

நகராமல் நின்றால்

முதலில் ஸ்பர்ஷ் தளத்திலேயே புகார் பதிந்து எண் வாங்குங்கள். கட்டணமில்லாத் தொலைபேசி 1800-180-5325. பதில் வெறும் வாய்ச்சொல்லாக இருந்தால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில், முன்னாள் படைவீரர் நலத்துறையைத் தேர்ந்தெடுத்து மனு போடுங்கள். மாவட்டத்தில் ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்திலும் அதே மனுவை, பழைய புகார் எண்களோடு கொடுக்கலாம். 'பின்னால் பார்க்கலாம்' என்ற பேச்சை விட, எழுத்தில் வரும் மறுப்பே உங்களுக்குப் பயன்படும். மறுப்பு ஆணை வந்தால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்கு ஆணை தேதியிலிருந்து 6 மாதம்தான் கெடு. அந்த ஆணை வந்த உறையைக்கூட, அஞ்சல் முத்திரையோடு, கோப்பில் வையுங்கள்.