பாட்டில் விளக்கு: ஒயருக்கு வழி பார்த்துவிட்டுப் பெயின்டைத் திறவுங்கள்

அழகான பாட்டில் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் வாங்குவது பெயின்ட். லேபிளை உரித்து, கழுவி, நிறம் அடித்து, சணல் கயிறு சுற்றி, ஷேடுக்குத் துணி வரை எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில்தான் "ஒயரை எப்படி உள்ளே விடுவது?" என்று யோசிக்கிறார்கள். அந்த நேரத்தில் துளை போட்டால் தண்ணீரும் அதிர்வும் பட்டு மேல்வேலை கெடும். பாட்டில் விரிசல் விட்டாலோ அத்தனை உழைப்பும் குப்பைக்கு. வேலையின் வரிசையைத் தலைகீழாக எடுத்துக்கொள்வதுதான் இதில் முதல் தவறு. மற்ற பல தவறுகள் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பார்க்கக் கைவினைப் பொருளாக இருந்தாலும் பாட்டில் விளக்கு 230 வோல்ட் ஓடும் மின்சாதனம். ஒயர் எங்கே நுழையும், எங்கே வெளியே வரும், எதில் உரசும், யாராவது இடறினால் எது அந்த இழுப்பைத் தாங்கும் என்பதெல்லாம் முடிவான பிறகுதான் நிறமும் சணலும்.

பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும்போது

750 மில்லி கொள்ளும், அடிப்பகுதி தடித்த, பக்கங்கள் நேரான பாட்டில்தான் முதல் முயற்சிக்கு ஏற்றது. குவார்ட்டர் பாட்டிலை எடுக்காதீர்கள். 180 மில்லி பாட்டிலுக்கு எடையும் இல்லை, அகலமும் இல்லை. மேலே ஷேடு வைத்தால் மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். காலி மது பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் நீலகிரியில் 2022-இல் தொடங்கியது; அப்படி வாங்கிக்கொள்ளும் ஊரில் இருந்தால் குவார்ட்டர் பாட்டிலுக்கு அதுவே நல்ல கதி.

கோலி சோடா பாட்டிலில் விளக்கு செய்யப் பலருக்கும் ஆசை உண்டு. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் அதை வடிவமைத்ததே வாயு வெளியேறாமல் அடைப்பதற்குத்தான். கழுத்தில் ஒரு நெருக்கல், அதற்குள் கோலி, வாயில் ரப்பர் வளையம் என்று எல்லாமே வழியை மறிப்பவை. மேலிருந்து ஒயரை இறக்க இடமே இருக்காது. கோலியை எடுக்கிறேன் என்று கழுத்தைத் தட்டி உடைப்பவர்களும் உண்டு. கோலி போன பிறகு அது கோலி சோடா பாட்டிலும் இல்லை, நல்ல விளக்கும் இல்லை.

எழுத்துகள் புடைத்த பழைய மருந்து பாட்டில், தாத்தா காலத்து வாசனைத் திரவியக் குப்பி போன்றவற்றில் துளை போட வேண்டாம். போட்ட துளையை மூட முடியாது. சேகரிப்பவர் எவரும் பிறகு அதைத் தொடமாட்டார். இவற்றுக்கென்றே பாட்டில் வாயில் செருகும் ரப்பர் அடைப்பானோடு ஹோல்டர்கள் விற்கின்றன. ஹோல்டரின் பக்கவாட்டிலேயே ஒயர் வெளியே வந்துவிடும். ஒயர் வெளியே தெரிகிறதே என்ற ஒரு குறைதான். அதைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. துளை போடவே தயங்குகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

துளை

சுவரில் ஆணி அடிக்கத் துளை போடும் அதே ட்ரில்லை, அதே பிட்டோடு பாட்டிலிலும் வைப்பது பெரும் தவறு. சுவர் பிட் கண்ணாடியை அறுக்காது, இடித்து நொறுக்கும். கண்ணாடிக்கு வேண்டியது வைரத்தூள் பூசிய, உள்ளீடற்ற வட்ட பிட். 10 மில்லிமீட்டர் அளவு போதும். ட்ரில்லில் ஹேமர் (இடித்துத் துளைக்கும்) பொத்தான் இருந்தால் அது அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். வேகம் குறைவாகவே இருக்கட்டும். தொடங்கும்போது பிட்டைச் சாய்த்துப் பிடித்து, பிறை போல ஒரு தடம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்தினால் வழுக்காது. அந்த இடத்தில் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வதும் உதவும்.

இடம் முக்கியம். அடிப்பக்கம் வளையும் விளிம்பிலும், அச்சு வார்ப்பின் கோடு ஓடும் இடத்திலும் போடக்கூடாது. அலங்கார பாட்டில்களில் பூவேலைப்பாடு இருக்கும் பகுதியில் கண்ணாடியின் தடிமன் ஒரே சீராக இருக்காது, அங்கேயும் வேண்டாம். பின்பக்கம், அடியிலிருந்து ஓரங்குலம் மேலே, சமதளமான ஓரிடம் பாருங்கள்.

பிட் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும். அறுபடும் இடத்தில் வெள்ளைக் குழம்பு வந்துகொண்டே இருந்தால் சரி. காய்ந்த தூள் பறந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்; அந்தத் தூளை மூச்சில் இழுப்பதும் நுரையீரலுக்குக் கேடு. ஆனால் பிளக்கில் மாட்டிய ட்ரில்லைக் கையில் பிடித்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து செய்யாதீர்கள். நனைந்த ஸ்பாஞ்சை மேலே வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தால் போதும். பேட்டரி ட்ரில் கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியே வேண்டும்.

அவசரம் வருவது கடைசி நிமிடத்தில். துளை முடியப்போகிறது என்று தெரிந்ததும் கை தானாக அழுத்தும். விரிசல் விடுவதும் அப்போதுதான். அங்கே அழுத்தத்தைக் குறைத்து, ட்ரில்லின் எடையே வேலை செய்யட்டும் என்று விட்டுவிடுங்கள். துளை விழுந்ததும் ஓரத்தை நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வைத்துத் தேய்த்து மழுக்க வேண்டும்.

நூலை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுற்றி, கொளுத்தி, தண்ணீரில் முக்கி பாட்டிலை இரண்டாக வெட்டும் வித்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கேமராவுக்குப் பின்னால் எத்தனை பாட்டில் கோணலாக உடைந்தது என்பதைக் காட்டமாட்டார்கள். திறந்த தீயும், எரியும் திரவமும், உடையப்போகும் கண்ணாடியும் ஒரே கையில் இருக்கின்றன. மேசை விளக்குக்குப் பாட்டிலை வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

ஒயர்

இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட தவறுகள் இருக்கின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

துளை வழியே ஒயரை அப்படியே இழுத்துவிடுகிறார்கள். கண்ணாடி விளிம்பு எவ்வளவு தேய்த்தாலும் கூர்தான். துடைக்க எடுக்கும்போதும் நகர்த்தும்போதும் ஒயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவும். துளையில் ஒரு ரப்பர் புஷ் (விளிம்பை மூடும் வளையம்) மாட்டினால் தீர்ந்தது. எலக்ட்ரிகல் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஹோல்டரைத் தாங்கும் மரை போட்ட உலோகக் குழாயின் இரண்டு வாயிலும் இதே உரசல் உண்டு, அங்கேயும் புஷ் வேண்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஒயரிங் ஒயரைப் பயன்படுத்துவது அடுத்தது. சுவருக்குள் ஓடும் ஒற்றைக் கம்பி ஒயர் அடிக்கடி வளைந்தால் உள்ளே முறியும். விளக்குக்கு வேண்டியது பல இழைச் செம்புக் கம்பியுள்ள, மேலே இன்னொரு உறை போட்ட 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர். பிளக்கிலிருந்து ஹோல்டர் வரை ஒரே துண்டாக இருக்கட்டும். நீளம் போதவில்லை என்று பாட்டிலுக்குள் முறுக்கி டேப் சுற்றி ஒட்டுப்போடுவது கூடவே கூடாது. அந்த ஒட்டு தளர்ந்தால் வெளியிலிருந்து பார்க்க முடியாது.

ஹோல்டர் பித்தளையோ வேறு உலோகமோ என்றால் மூன்று கோர் ஒயரும் (உள்ளே மூன்று தனிக் கம்பி உள்ளது) மூன்று பின் பிளக்கும் கட்டாயம். எர்த் ஒயரை ஹோல்டரின் உடலில் இணைக்க வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டருக்கு எர்த் தேவையில்லை என்றாலும் மூன்று பின் பிளக்கையே நான் விரும்புவேன், குறிப்பாக மரை வகை ஹோல்டருக்கு. காரணம் இதுதான்: மரை ஹோல்டரில் நடுப்புள்ளிக்கு ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி), சுற்று மரைக்கு நியூட்ரல் (அது திரும்பும் கம்பி) போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் விளக்கு எரியும், எந்தக் கோளாறும் தெரியாது. ஆனால் பல்ப் மாட்டும்போது விரல் மரையைத் தொட்டால் ஷாக். இரண்டு பின் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம் என்பதால் நீங்கள் சரியாகக் கொடுத்த இணைப்பும் தலைகீழாகிவிடும்.

ஒயரின் நடுவில் வரும் ஸ்விட்சுக்கும் இதே கணக்கு. அது ஃபேஸை வெட்ட வேண்டும். நியூட்ரலை வெட்டினால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். எப்படி இருந்தாலும் பல்ப் மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே பழக்கமாகட்டும்.

ஹோல்டரை எம்-சீல் வைத்து பாட்டில் வாயில் ஒட்டிவிடுவது பரவலான வழக்கம். பல்பின் இரு பக்கப் பின்கள் மாட்டும் வகை ஹோல்டரில் பல்பை அமுக்கித் திருக வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் ஒட்டின்மேல் விழும். ஒரு நாள் ஹோல்டர் பெயர்ந்து ஒயரில் தொங்கும். பெயராவிட்டாலும் சிக்கல்தான், ஹோல்டர் பழுதானால் கழற்ற முடியாது. ரப்பர் அடைப்பானோ நட்டு போட்ட குழாயோதான் சரி. ஹோல்டர் மூடிக்குள் ஒயரில் ஒரு முடிச்சோ பிடிப்புக் கிளிப்போ இருந்தால், யாராவது ஒயரை இழுத்தாலும் அந்த இழுப்பு ஸ்க்ரூக்களுக்குப் போகாது.

சீரியல் செட்டைத் திணிப்பது

ஹோல்டர் வேண்டாம், பாட்டிலுக்குள் சரவிளக்கு மின்னினால் போதும் என்பவர்கள் தீபாவளிக்கு வாங்கிய சீரியல் செட்டை உள்ளே திணிப்பார்கள். சின்னச் சின்ன பல்ப் என்பதால் சின்ன மின்சாரம் என்று நினைப்பு. நேரே பிளக்கில் மாட்டும் மலிவான செட்டில் அந்த மெல்லிய ஒயரிலும் ஆளை அடிக்கும் மின்னழுத்தம் இருக்கலாம். குறுகிய கழுத்தில் இழுத்துத் தள்ளும்போது அதன் தோல் உரியும். உள்ளே ஈரம் இருந்தாலோ, அழகுக்கென்று நிறத்தண்ணீர் ஊற்றினாலோ நிலைமை மோசம். பாட்டிலுக்குள் போவது 5 வோல்ட் யு.எஸ்.பி. சரமாகவோ பேட்டரி சரமாகவோ மட்டும் இருக்கட்டும். தண்ணீர் அதற்கும் ஆகாது, செம்புக் கம்பி அரித்துப்போகும். கார்க் மூடியில் பட்டன் பேட்டரி போடும் வகையைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தவிர்த்துவிடுங்கள். அந்த பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயையே புண்ணாக்கிவிடும்.

எடை, நிறம், பல்ப்

சாயாமல் இருக்க மணலோ கூழாங்கல்லோ போடுவார்கள். கழுத்து வரை நிரப்பாதீர்கள். அடியில் மூன்றில் ஒரு பங்கு போதும், எடை கீழே இருந்தால்தான் நிற்கும். கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து உலோகக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும். ஒயரை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுவிட்டு அதைச் சுற்றி நிரப்புங்கள்.

கழுவிய பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து நன்றாகக் காயவிடாமல் அடைத்தால் உள்ளே பனி படர்ந்ததுபோல் மங்கும். லேபிள் பசையைப் போக்கக் கொதிநீரை ஊற்றுவதும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் சோடா உப்பு போட்டு ஊறவைத்தால் தானே இளகும். பெயின்ட் அடிக்கும் முன் ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் கைரேகை இருந்த இடத்திலெல்லாம் உரியும். நீல பாட்டிலுக்குள் வார்ம் ஒயிட் ஒளி எடுபடாது, அந்த ஒளியில் நீலப் பங்கு குறைவு. பழுப்பு பாட்டிலுக்கு அதே ஒளி தேன் நிறத்தில் நன்றாக இருக்கும்.

பழைய 60 வாட் குண்டு பல்பை மாட்டாதீர்கள். அது மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் கக்கும். துணி ஷேடு கருகும். மேசை விளக்குக்கு 5 வாட் எல்.இ.டி. தாராளம். எல்.இ.டி.யையும் முழுக்க மூடிய பாட்டிலுக்குள் அடைத்தால் அடிப்பகுதிச் சூடு வெளியேறாமல் சீக்கிரம் போய்விடும்.

எல்லாம் பூட்டியதும் நேராகப் படுக்கையறைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒயரிங் தெரிந்த ஒருவரிடம் காட்டி, ஃபேஸும் எர்த்தும் சரிதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஆள் இருக்கும் கூடத்தில் இரண்டு மணி நேரம் எரியவிட்டு, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய கையோடு பிளக்கையும் ஸ்விட்சையும் தொட்டுப் பாருங்கள். 5 வாட் விளக்குக்கு இரண்டும் சுடக் காரணமே இல்லை. சுட்டால் உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. திறந்து, ஒயர் நுனியைப் புதிதாகச் சீவி, மறுபடி முறுக்கிவிட்டு இன்னொரு தடவை எரியவிடுங்கள்.