பரம்பரைத் துப்பாக்கியின் மறுவிற்பனை மதிப்பைக் கணிப்பது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளில் பாகப்பிரிவினையின்போது பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி பங்குக்கு வந்தால், முதலில் உரிமத்தைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத் திருத்தத்தின்படி, பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. உரிமம் பெற்றவருக்கோ உரிமம் பெற்ற வணிகருக்கோதான் விற்கவும் முடியும் என்பதால், நல்ல துப்பாக்கிக்கும் வாங்குவோர் குறைவு.

அடுத்து, குண்டு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலின் உட்புறத்தை ஆராயுங்கள். பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து விட்டுச்சென்ற உப்பு ஈரத்தை இழுத்து உட்சுவரில் குழிகளை உண்டாக்கியிருந்தால், அந்தச் சேதத்தை எந்த மெருகும் மறைக்காது. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல்கள் பெரும்பாலும் கரிமருந்து என்ற பழைய வகை வெடிமருந்துக்காக உருவானவை. இன்றைய தோட்டாக்களை அவற்றில் பயன்படுத்துவது ஆபத்து என்பதால், சுடுவதற்காக வாங்குபவர் அவற்றைத் தொடமாட்டார், அழகுக்காக வாங்குபவர் மட்டுமே எஞ்சுவார்.

அவரையும் இழக்கச் செய்வது அவசர மெருகூட்டல். பித்தளைச் சாமான்போலத் தேய்த்தால் செதுக்கு வேலைப்பாடும், குழலின் உறுதியைச் சோதித்ததற்கு அடையாளமான முத்திரைகளும் மழுங்கிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழலின் எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து, பழைய பெட்டியையும் ரசீதையும் சேர்த்து வைத்து, உரிமம் பெற்ற வணிகரிடம் மதிப்புக் கேளுங்கள்.