‘ஃபியூ’வா, ‘எ ஃபியூ’வா?

தமிழில் பாலுக்கும் ‘கொஞ்சம்’தான், பழத்துக்கும் ‘கொஞ்சம்’தான். ஆங்கிலத்தில் அது செல்லாது. எண்ண முடிந்தால் ஃபியூ, முடியாவிட்டால் லிட்டில். மணி, அட்வைஸ், ஃபர்னிச்சர் எல்லாம் லிட்டில் பக்கம். பணத்தை எண்ணுகிறோமே என்றால், எண்ணுவது ரூபாயைத்தான். ‘ஃபியூ ருப்பீஸ்’ சரி, ‘ஃபியூ மணி’ தவறு.

பலரைக் கவிழ்ப்பது முன்னால் நிற்கும் ‘எ’. ‘ஐ ஹேவ் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் சில நண்பர்கள் உண்டு. ‘எ’ விழுந்து ‘ஐ ஹேவ் ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்’ ஆனால், நண்பர்கள் அதிகம் இல்லையே என்ற குறை தொனிக்கும். லிட்டிலுக்கும் அப்படியே. பேச்சில் இந்தக் குறையைச் சொல்ல ‘நாட் மெனி’, ‘நாட் மச்’ என்பதுதான் இயல்பு.

ஃபியூவுக்குப் பின் ‘ஆஃப்’ வந்து, அடுத்து பிரதிப்பெயர் வந்தால் அது தெம், அஸ், யூ: ‘எ ஃபியூ ஆஃப் தெம்’. ‘தே’ அங்கே வராது.