சுருட்டுகளை ஒப்பிட்டுச் சுவைக்கும்போது நேரும் தவறுகள்

கொஹிபா என்ற பெயர்ப்பட்டை சுற்றிய இரண்டு சுருட்டுகளை வெவ்வேறு நாட்களில் புகைத்துவிட்டு, இந்த வருடச் சரக்கு அடியோடு மாறிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார் ஒரு நண்பர். ஒன்று கியூபாவிலும் மற்றது டொமினிக்கன் குடியரசிலும் செய்யப்பட்டது என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. கியூபப் புரட்சிக்குப் பின் 1960-இல் சுருட்டுத் தொழிற்சாலைகள் அரசுடைமையானபோது உரிமையாளர்களில் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1962 பிப்ரவரியில் அமெரிக்காவின் வணிகத்தடை முழுமையாயிற்று. அதன்பின் மாண்டிகிறிஸ்டோ, பார்தகாஸ், ரோமியோ இ ஹூலியேத்தா, எச். உப்மான் ஆகிய பெயர்கள் ஒவ்வொன்றும் கியூபாவில் செய்த சுருட்டுக்கும் கியூபாவுக்கு வெளியே செய்த வேறொரு சுருட்டுக்குமாக இரட்டை வாழ்வு வாழ்கின்றன. 1966-இல் கியூபாவில் பிறந்த கொஹிபாவின் பெயரையும் அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் பதிவு செய்துகொண்டது. ஆகவே பெயரை வைத்து ஒப்பிடத் தொடங்குவதே முதல் தவறு. கியூபப் பெட்டியாக இருந்தால் அதன் அடிப்புறத்தில் தொழிற்சாலைக் குறியும், அடைத்த மாதமும் ஆண்டும் முத்திரையிடப்பட்டிருக்கும். சுவைப்பதற்கு முன் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் யாராவது கொஹிபா நீட்டினால் அது போலி என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது, நிறத்தைக் கண்டு காட்டத்தை எடைபோடுவது. சுருட்டின் வெளிப்புறத்தைச் சுற்றும் இலையே மேலிலை. கறுத்த மதுரோ வகை மேலிலையைப் பார்த்ததும் தலை சுற்றும் என்று ஒதுங்குபவர்களும், வெளிர்நிறக் கனெக்டிகட் இலையைச் சாதுவென்று நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. மதுரோவின் கருமை பெரும்பாலும் கூடுதல் வெப்பத்தில், கூடுதல் காலம் புளிக்கவைப்பதால் வருவது. அந்தப் பக்குவத்தில் இலை பலவேளை இனிப்பையும் கொக்கோவை நினைவூட்டும் சுவையையும் பெறுகிறதே தவிர, நிகோடின் ஏறிவிடுவதில்லை. காட்டம் பெரும்பாலும் உள்ளே சுருட்டிவைத்த இலைகளிலிருந்து வருகிறது. செடியின் அடிப்பகுதி இலையான வொலாதோ நன்றாக எரிவதற்கும், நடுப்பகுதி இலையான செக்கோ மணத்துக்கும், வெயிலை அதிகம் வாங்கித் தடித்த மேல்பகுதி இலையான லிகெரோ காட்டத்துக்கும் சேர்க்கப்படுகின்றன. லிகெரோ மெதுவாக எரிவதால் அதை நட்டநடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். அந்த நடுப்பகுதியில் என்ன இருக்கிறது என்பதை மேலிலையின் நிறம் சொல்லாது.

சுருட்டுகளின் இலைக் கலவையை ஒப்பிட விரும்புகிறவர் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், கண்ட வேறுபாடு எதனால் வந்தது என்று அவருக்கே தெரியாமல் போகும். அளவை எடுத்துக்கொள்வோம். சுருட்டின் பருமன் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்லப்படுகிறது. 50 என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். அதே கலவையை 42 பருமனில் சுருட்டினால், உள்ளிலைக்கு எதிரே மேலிலையின் பங்கு கூடி, மேலிலையின் சுவை முன்னுக்கு வரும். ஒரு நிறுவனத்தின் ரோபஸ்டோ என்ற தடித்த அளவை இன்னொன்றின் கொரோனா என்ற மெலிந்த அளவோடு நிறுத்திப் பார்ப்பது, தடித்த ஊத்தப்பத்தையும் முறுகல் தோசையையும் வைத்து இரண்டு வீட்டு மாவை மதிப்பிடுவது போன்றது. பட்ரோன் நிறுவனத்தின் 1964 என்ற வரிசையில் ஒரே அளவு இயல்பான மேலிலையிலும் மதுரோவிலும் கிடைப்பதால், மேலிலை என்ன செய்கிறது என்று கற்க அது நல்ல ஜோடி. நிலம் என்ன செய்கிறது என்று பார்க்க விரும்புகிறவருக்கு நிகராகுவாவே போதும்: எஸ்தெலியின் கரிய மண்ணில் விளைந்த இலை காட்டமும் மிளகுக் காரமும் காட்டும், ஹலாபாவின் இலை இனிப்பும் மென்மையும் உடையது.

எனக்குத் தெரிந்தவரை, நம் ஊரில் சுருட்டுக் கெடுவது ஈரப்பதத்தில்தான். 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் 18 முதல் 21 பாகை வெப்பமும் அதற்கு ஏற்றவை என்று குளிர்நாட்டு நூல்கள் சொல்லும்போது, காய்ந்த காற்றுக்கு ஈரம் ஊட்டும் வழிகளையே விரிவாகச் சொல்கின்றன. சென்னையில் சிக்கல் நேர் எதிர். வெப்பம் 24 பாகையைத் தாண்டி நீடித்தால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரியத் தொடங்கும். மேலிலையில் குண்டூசி முனை அளவில் துளை தெரிந்தால் வண்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள். இதற்குப் பயந்து சுருட்டுகளை மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்த ஒரு கோடையில், அவை சருகாகக் காய்ந்ததுடன் சாம்பார் வெங்காய வாடையையும் வாங்கிக்கொண்டதை நான் மறக்கவில்லை. ஈரப்பதமானி காட்டும் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் உப்பைக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால் அது 75 காட்ட வேண்டும். 69 காட்டினால், அந்த ஆறு புள்ளிக் குறையை எப்போதும் கூட்டிக்கொள்ளலாம். ஈரம் மிகுந்த சுருட்டு இழுப்பு இறுகி அடிக்கடி அணையும்; காய்ந்தது சூடாக எரிந்து நாக்கைச் சுடும். இரண்டையும் கலவையின் குணமென்று எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். தபாலில் வந்த சுருட்டை அன்றே கொளுத்துவதும் அப்படிப்பட்டதே. இரண்டு வாரமாவது பெட்டியில் அது இளைப்பாறட்டும். பற்றவைத்ததும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் இலை இன்னும் பக்குவப்படவில்லை, சில மாதம் பொறுக்க வேண்டும்.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் சுருட்டு என்ற சொல்லே ஆங்கிலத்தில் செரூட் ஆயிற்று. திருச்சிச் செரூட்டுக்கு இரு முனையும் திறந்திருந்ததால் கத்தி தேவைப்படவில்லை. கியூப முறையில் செய்த சுருட்டுக்குத் தலையில், அதாவது வாயில் வைக்கும் முனையில், இலைத்துண்டால் ஆன தொப்பி ஒட்டியிருப்பதால், அந்த ஒட்டுக்கோட்டுக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் போல வெட்டினால் போதும். கீழே இறங்கி வெட்டினால் மேலிலை பிரிந்து வரும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அதன் வாடை முதல் பத்து இழுப்பைக் கெடுக்கும்.

அவசரம் இன்னொரு பகை. நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் போனால் தணல் சூடேறி, எந்தக் கலவையும் ஒரே மாதிரிக் கசக்கும். முதல் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டு முழுச் சுருட்டுக்கும் தீர்ப்பெழுதுவதும் அவசரமே, ஏனெனில் எரிய எரியச் சுவை கனத்துக்கொண்டே போகும். ஒரே மாலையில் மூன்றைப் புகைத்தால் மூன்றாவதற்கு நாக்கு மரத்திருக்கும். வெறும் வயிற்றில் காட்டமான ஒன்றைப் பிடித்து வியர்த்துக் குமட்டியவர் அந்தச் சுருட்டைப் பழிப்பது நியாயமாகாது.

குறிப்பெழுதும்போது பிறருடைய சுவைப் பட்டியலிலிருந்து சொல் கடன் வாங்குவதும் பயன் தராது. செடார் மரத்தையே முகர்ந்திராதவர் செடார் மணம் என்று எழுதுவதைவிட, வறுத்த நிலக்கடலைத் தோல், கருப்பட்டி, பழைய காப்பித்தூள் டப்பா என்று தனக்குத் தெரிந்ததை எழுதினால், ஆறு மாதம் கழித்து அவருக்கே அது விளங்கும்.

புகையை உள்ளே இழுப்பதில்லை, ஆகவே தீங்கில்லை என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. சுருட்டுப் புகை காரத்தன்மை மிகுந்தது என்பதால் நிகோடின் வாயின் சவ்வு வழியாகவே இரத்தத்தில் கலக்கிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு சிகரெட் பெட்டி முழுவதிலும் உள்ள அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு வாய், உணவுக்குழாய், குரல்வளை, நுரையீரல் புற்றுநோய்களைச் சுருட்டோடு நேரடியாக இணைக்கிறது. ஒப்பிடும் ஆர்வம் எண்ணிக்கையைக் கூட்டும் என்பதால், நான் மாதத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் பாதுகாப்பான அளவு என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக, பட்டையைப் பார்த்துக்கொண்டே சுவைப்பது. விலை தெரிந்த சுருட்டில் நாக்கு விலையைத் தேடும். ஒருமுறை மனைவியிடம் சொல்லி, இரண்டு சுருட்டுகளின் பட்டைகளின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ஒன்று, இரண்டு என எண்ணிடச் செய்தேன். ஒரு வார இடைவெளியில் இரண்டையும் புகைத்து, ஒன்றுக்கு மிளகும் வறுத்த காப்பியும், இரண்டுக்கு இனிப்பும் மென்மையும் என ஒரு பக்கம் எழுதினேன். தாளைப் பிரித்தபோது இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை.